போர் முடிந்த பிறகு வந்த தடை

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் ஜெர்மன் சொல்லித்தரத் தடை போட்ட கதையை எடுத்தாலே, "போர் நேரம், பயம் இருக்கத்தானே செய்யும்" என்று யாராவது சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தேதியைப் பாருங்கள். போர் நின்றது 1918 நவம்பர் 11-ல். நெப்ராஸ்கா மாநிலம் தடைச் சட்டம் கொண்டுவந்தது 1919 ஏப்ரலில்.

போர் நடக்கும்போது அடித்த கூத்து தனி. 1918 மே மாதம் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங், பள்ளி, தேவாலயம், ரயில், தொலைபேசி எங்கேயும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று அறிக்கை விட்டார். ஜெர்மானியர்களின் புளித்த முட்டைக்கோஸுக்கு 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று பேர் மாற்றினார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்து காலின்ஸ்வில்லில் ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மன் தொழிலாளியை ஒரு கும்பல் மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றது.

சரி, நெப்ராஸ்காவுக்கு வருவோம். எட்டாம் வகுப்பு தேறும்வரை எந்தப் பிள்ளைக்கும் அயல்மொழி கற்பிக்கக் கூடாது. கிறிஸ்தவ சபை நடத்தும் பள்ளியும் விலக்கில்லை. ஆனால் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றுக்கும் இது பொருந்தாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றமே சொன்னது. அவை இறந்த மொழிகளாம்! எனக்கு இந்த ஒரு விளக்கம் போதும். குடியேறி வந்த குடும்பத்துப் பாட்டி அடுப்படியில் பேசாத மொழி என்றால் ஆபத்தில்லை. பேரன் பாட்டியோடு பேசுவதுதான் அவர்களுக்கு உறுத்தியது.

ஹேம்ப்டன் என்ற சிற்றூரில் லூத்தரன் சபைப் பள்ளி ஒன்று. ஆசிரியர் ராபர்ட் மேயர். அவர்கள் மதிய இடைவேளையை நீட்டி, ஒரு மணி முதல் ஒன்றரை வரை ஜெர்மன் வாசிக்க வைத்தார்கள். அது பள்ளி நேரமே இல்லையே என்பது கணக்கு. 1920 மே 25 அன்று பத்து வயதுப் பையன் ஒருவன் விவிலியக் கதை வாசித்துக்கொண்டிருந்தபோது அரசு வழக்கறிஞர் வந்து நின்றார். ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் வந்தவர் பேசாமல் போயிருப்பார் என்று மேயருக்குத் தெரியும். அவர் ஜெர்மனிலேயே தொடர்ந்தார். அபராதம் 25 டாலர்.

வழக்கு வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1923 ஜூன் 4-ல் நீதிபதிகள் ஏழுக்கு இரண்டு என்று பிரிந்து மேயர் பக்கம் தீர்ப்பானது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி மெக்ரெனால்ட்ஸ், யூதர்கள் மேல் வெறுப்பைக் கக்கியதற்குப் பேர்போனவர். மாற்றுக் கருத்து சொன்ன இரு நீதிபதிகளில் ஒருவர், பேச்சுரிமைக்காக இன்றும் கொண்டாடப்படும் ஹோம்ஸ். யாரை எங்கே நம்புவது சொல்லுங்கள்! தீர்ப்புகூட மொழிக்கு உரிமை உண்டு என்று சொல்லவில்லை. ஆசிரியர் தன் தொழிலைச் செய்யும் உரிமை, பெற்றோர் தங்கள் பிள்ளையை வளர்க்கும் உரிமை என்ற வழியில்தான் வந்தது.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. 1915-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஜெர்மன் படித்தார். 1922-ல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஹேம்ப்டனில் கதை வாசித்த பையனுக்கு, தீர்ப்பு வந்தபோது பதின்மூன்று வயது ஆகியிருக்கும். எட்டாம் வகுப்பு முடிக்கிற வயது.