நிலக்கரி ஆலைக்குக் கொடுத்த கடனும் காலநிலை உதவியா?

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் இருக்கிறது மாதர்பாரி. உப்பளமும் இறால் குட்டையுமாக இருந்த கடலோரம். 1991 புயல் சுமார் 1,38,000 பேரைக் கொன்றதும் இந்தப் பக்கத்துக் கரையோரங்களில்தான். இன்று அங்கே 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. எரிப்பது இறக்குமதி நிலக்கரி. கட்டுவதற்குக் கடன் கொடுத்தது ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்கா. அந்தக் கடனை ஜப்பான் 'காலநிலை நிதி', அதாவது காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் தருவதாகச் சொன்ன பணம், என்று கணக்குக் காட்டியது.

பழைய ஆலைகளைவிட இதில் புகை குறைவு என்பது அவர்கள் சொல்லும் நியாயம். எனக்கு அது போதவில்லை. கட்டும் ஒப்பந்தம் யாருக்குப் போனது? சுமிட்டோமோ, தோஷிபா, ஐ.எச்.ஐ. மூன்றுமே ஜப்பான் நிறுவனங்கள். வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்டர் அவர்களுக்கு, கடன் வங்கதேச மக்களுக்கு. கர்நாடகத்தின் கூடகி அனல்மின் நிலையத்திலும் இதே கதை: தோஷிபா டர்பைன், ஜப்பான் கடன், காலநிலைக் கணக்கு.

ஜப்பானின் 'ஸ்டெப்' வகைக் கடனில் ஆர்டர் ஜப்பான் நிறுவனத்துக்கே போவது எழுதப்பட்ட நிபந்தனையே. ஜப்பான் நிறுவனத்தின் தலைமையில்தான் வேலை நடக்க வேண்டும், ஒப்பந்த மதிப்பில் குறைந்தது 30% பொருளும் சேவையும் அங்கிருந்து வர வேண்டும். ஜப்பான் மட்டுமல்ல, பல பணக்கார நாடுகள் மானியத்துக்கும் இப்படி நிபந்தனை போடுகின்றன என்று 2024இல் ராய்ட்டர்ஸ் எழுதியது.

என்னை அதிகம் வருத்துவது வேறு. புயல் பாதுகாப்பு முகாம், கடலோர மண்கரை, உப்புநீர் தாங்கும் நெல், இவைதான் அந்த மக்களின் உயிரைக் காப்பவை. இவற்றை உள்ளூர் கொத்தனாரும் உள்ளூர் வேளாண் விஞ்ஞானியும் செய்துவிடுவார்கள். பெரிய டர்பைன் தேவையில்லை, அதனால் வெளிநாட்டு கம்பெனிக்கு ஆர்டரும் இல்லை. 2022இல் பணக்கார நாடுகள் காட்டிய 11,590 கோடி டாலரில், மாறிய காலநிலையைச் சமாளிக்கப் போனது 3,240 கோடிதான். அரசுகள் வழியாக வந்த பணத்திலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன்.

2024இல் பாகுவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். எதைக் காலநிலை நிதி என்று எழுதலாம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை இன்னும் இல்லை. ஏழை நாடுகள் தொகைக்காகப் போராடுவதைவிட முதலில் இந்த வரையறைக்காகப் போராட வேண்டும். கொடுத்த நாட்டு நிறுவனத்துக்கே திரும்பிப் போகும் பணத்தையும், நிலக்கரிக்குப் போன பணத்தையும் அந்தக் கணக்கிலிருந்து அடித்துவிட வேண்டும்.