மிர்யானா அழுததும் நாம் பகிர்ந்ததும்

மிர்யானா லூச்சிச்-பரோனி என்ற குரோஷிய டென்னிஸ் வீராங்கனையின் பெயர் இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இடது காலில் கனமாகக் கட்டுப் போட்ட ஒரு பெண், மெல்போர்ன் மைதானத்தின் நடுவே மைக் முன்னால் நின்று பேச முடியாமல் அழுவார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதியில் அவர் ஜெயித்து முடித்த நேரம் அது. அப்போது அவருக்கு வயது 34. வாழ்க்கையில் நடந்த கெட்டதெல்லாம் இன்றைக்குச் சரியாகிவிட்டது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி அழுவார்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது இதை என் டைம்லைனில் கொண்டுவந்து போடுகிறார்கள். கூடவே 'கஷ்டப்பட்டவருக்குக் காலம் ஒருநாள் கைகொடுக்கும்' வகையில் ஒரு வரி. போன வாரமும் வந்தது. வீடியோவில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானே நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். தகராறு அந்த வரியோடுதான்.

கஷ்டம் அவருக்கு என்ன கொடுத்தது என்று கேட்பதற்கு முன், கஷ்டத்துக்கு முன்பே அவரிடம் என்ன இருந்தது என்று பாருங்கள். குரோஷியாவின் பிராச் தீவில் போல் என்று ஒரு சின்ன ஊர். கடலுக்குள் நாக்கை நீட்டியது போல ஒரு கூழாங்கல் கரை அங்கே உண்டு. 1997-ல் அந்த ஊரில் நடந்த மகளிர் போட்டிதான் மிர்யானா ஆடிய முதல் டபிள்யூடிஏ (தொழில்முறை மகளிர் டென்னிஸ் சங்கம்) போட்டி. வயது 15. கோப்பையை வாங்கிவிட்டார். அடுத்த போட்டி ஸ்ட்ராஸ்பூர்க்கில். அதிலும் இறுதி வரை போய் ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்றார். மறுவருஷம் போலுக்குத் திரும்பி வந்து அதே கோப்பையை மறுபடி வென்றார். ஜூனியர் பிரிவில் அமெரிக்க ஓபனும் ஆஸ்திரேலிய ஓபனும் அதற்கு முன்பே கைக்கு வந்திருந்தன.

1998 ஜனவரியில் மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம். ஹிங்கிஸுக்கு 17, இவருக்கு 15. இறுதியில் எதிரே நின்றவர்கள் டேவன்போர்ட்டும் நடாஷா ஸ்வெரேவாவும். ஹிங்கிஸ் அந்த வருஷம் நான்கு கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் பட்டங்களையும் வென்றார் என்பது ரசிகர்களுக்கு நினைவிருக்கும். மற்ற மூன்றிலும் அவருக்குத் துணை யானா நோவோட்னா. முதலாவதில் துணை இந்தப் பெண் என்பதுதான் மறந்துபோகிறது.

அதே வருஷம் விம்பிள்டன் கலப்பு இரட்டையர் இறுதியில் மிர்யானாவோடு ஜோடி சேர்ந்தவர் நம் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி. தோற்றது மாக்ஸ் மிர்னி - செரினா வில்லியம்ஸ் ஜோடியிடம், 6-4, 6-4. வலைக்கு இந்தப் பக்கம் ஒரு 16 வயதுப் பெண், அந்தப் பக்கமும் ஒரு 16 வயதுப் பெண். பிறகு எந்தப் பெண் எங்கே போனார் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தக் கோடையில்தான் மிர்யானா தன் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் குரோஷியாவை விட்டு அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். அப்பா தன்னை அடித்தார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அப்பா அதை மறுத்தார். தப்பிக்க உதவியவர்களில் ஒருவர் குரோஷிய டென்னிஸ் வீரர் கோரன் இவானிசெவிச்.

இதற்கு ஒரு வருஷம் கழித்து, 1999 விம்பிள்டன். மோனிகா செலஸை இரண்டு டை-பிரேக்கில் (செட் 6-6 என்று சமனானால் ஆடும் முடிவு ஆட்டம்) வீழ்த்தினார். முந்தைய ஆண்டு இறுதியில் ஆடிய நதாலி தோசியாவைக் காலிறுதியில் வென்றார். அரையிறுதியில் ஸ்டெஃபியிடமிருந்து முதல் செட்டைப் பறித்துவிட்டுத்தான் தோற்றார். ஸ்டெஃபிக்கு அதுதான் கடைசி விம்பிள்டன். மிர்யானாவுக்கு அப்போது 17 வயது.

அப்புறம் சரிவு. வெளியே இருந்து பார்ப்பவர்கள் 'காணாமல் போய்விட்டார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். டென்னிசில் காணாமல் போவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. தரவரிசைப் புள்ளிகளுக்கு 52 வாரம்தான் ஆயுள். போன வருஷம் ஜெயித்ததை இந்த வருஷம் திரும்ப ஜெயிக்காவிட்டால் புள்ளி கழன்றுவிடும். ஏறக்குறைய முதல் நூறு பேருக்குள் இல்லையென்றால் கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் நேரடி இடம் கிடையாது. மூன்று தகுதிச்சுற்று ஆட்டங்களை ஜெயித்து வர வேண்டும், அல்லது யாராவது மனமிரங்கி வைல்ட் கார்டு, அதாவது நேரடி அழைப்பு, தர வேண்டும். அதற்கும் கீழே போனால், அந்த நாட்களில் மொத்தப் பரிசுத்தொகையே 25,000 டாலர், 10,000 டாலர் என்றிருந்த சின்னப் போட்டிகள். அந்தத் தொகையைத்தான் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் சொந்தச் செலவு. கையில் காசில்லாதவருக்குப் பயணம் இல்லை, பயணம் இல்லாதவருக்குப் புள்ளி இல்லை. மிர்யானா சில வருஷங்கள் அநேகமாக ஆடவே இல்லை. 2002 அமெரிக்க ஓபனுக்குப் பிறகு ஒரு கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றுக்குள் கால் வைக்க 2010 விம்பிள்டன் வரை ஆனது. அதுவும் தகுதிச்சுற்று வழியாக.

2014 அமெரிக்க ஓபன். மறுபடியும் தகுதிச்சுற்று வழியாகத்தான் உள்ளே வந்தார். மூன்றாம் சுற்றில், போட்டித் தரவரிசையில் 2-ஆம் இடத்தில் இருந்த சிமோனா ஹாலெப்பை நேர் செட்களில் வென்றார். அடுத்த மாதமே கியூபெக்கில் வீனஸ் வில்லியம்ஸை இறுதியில் வீழ்த்தி ஒற்றையர் கோப்பை. 1998-ல் போலில் வாங்கிய கோப்பைக்கும் இதற்கும் நடுவே 16 வருஷத்துக்கு மேல். ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் இவ்வளவு நீண்ட இடைவெளி மகளிர் டென்னிசில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. 2015 பிரெஞ்சு ஓபனில் அதே ஹாலெப்பை மறுபடி தோற்கடித்தார். ஹாலெப்புக்கு அவரைக் கண்டாலே ஆகாமல் போயிருக்கும்!

இந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, 1999 விம்பிள்டன் ஆட்டங்களில் கிடைப்பதையும் தேடிப் பாருங்கள். அதே ஆட்டம்தான். தட்டையாகவும் வேகமாகவும் பந்தைக் கோட்டோரம் அடிப்பது, பலமான சர்வ், எதிராளிக்கு மூச்சுவிட இடம் தராமல் புள்ளியைச் சீக்கிரம் முடிப்பது. 17 வயதில் இருந்த ஃபோர்ஹேண்ட்தான் 34 வயதிலும். நடுவில் பட்ட துன்பம் அவருக்குப் புதிதாக ஒரு ஷாட்டையும் கற்றுக்கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டது மட்டும்தான். ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு 18-லிருந்து 28 வரையான வயதைத் திருப்பித் தர எந்தக் கோப்பையாலும் முடியாது. 'கஷ்டம் அவரைச் செதுக்கியது' என்று எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதிலே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கடைசியில் ஜெயித்ததால் எல்லாம் நியாயமாகிவிட்டது என்று பேசப் பழகிவிட்டால், கையில் பெல்ட்டோடு மைதான ஓரம் நிற்கும் அப்பாக்களுக்கும் அது நியாயமாகிவிடும். மகளிர் டென்னிஸ் இந்த மாதிரி அப்பாக்களை நிறையவே பார்த்திருக்கிறது. மேரி பியர்ஸின் தந்தையை 1993-ல் போட்டிகளுக்குள் வரவே கூடாது என்று தடுத்தார்கள். ஒசியெக்கில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய யெலெனா டோகிச், தன் தந்தை தன்னை எப்படியெல்லாம் அடித்தார் என்று பல வருஷம் கழித்துத் தன் சுயசரிதையில் எழுதினார். பிள்ளை ஜெயித்துக்கொண்டிருக்கும் வரை சுற்றியிருக்கும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மெல்போர்னுக்கு வருவோம். 1998-க்குப் பிறகு ஆஸ்திரேலிய ஓபனில் ஒற்றையரில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காதவர், உலகத் தரவரிசையில் 79-ஆம் இடத்தில் இருந்தபடி 2017-ல் அங்கே போனார். இரண்டாம் சுற்றில் ரத்வான்ஸ்காவை 6-3, 6-2 என்று வெளியே அனுப்பினார். காலிறுதியில் எதிரே கரோலினா பிளிஸ்கோவா. அன்று ஜனவரி 25. மெரினாப் போராட்டம் கலைக்கப்பட்டு இரண்டே நாள் ஆகியிருந்தது. என் டைம்லைன் முழுக்க அதுதான். நானும் போனில் அதைப் படித்துக்கொண்டே அரைக்கண்ணில் டிவி பார்த்தேன். மூன்றாம் செட்டில் 3-4 என்று பின்தங்கியபோது மிர்யானா மைதானத்தை விட்டு வெளியே போய்வந்தார். கால் வலி தாங்க முடியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சரி, இனி நிற்பதே கஷ்டம் என்று நினைத்தேன். திரும்பி வந்து கடைசி 13 புள்ளிகளில் 12-ஐ எடுத்தார். போனை எப்போது கீழே வைத்தேன் என்று நினைவில்லை.

அரையிறுதியில் செரினா 6-2, 6-1 என்று முடித்துவிட்டார். 1998 விம்பிள்டன் ஒற்றையரிலும் கலப்பு இரட்டையரிலும் இவரை வென்ற அதே செரினா. ஆட்டம் முடிந்ததும் வலையருகே இருவரும் கட்டிக்கொண்டார்கள். அந்த மே மாதம் மிர்யானா உலகத் தரவரிசையில் 20-ஆம் இடத்துக்கு வந்தார். 35 வயதில் அவருடைய மிகச் சிறந்த இடம் அது. அதற்கு முன் அவருடைய சிறந்த இடம் 1998-ல் தொட்ட 32.

அந்த அழுகை வீடியோவைப் பகிர்பவர்கள் பகிராத ஒன்று உண்டு. அதே தொடரில் செய்தியாளர்கள் அவருடைய பழைய காலத்தைக் கிளறிக் கிளறிக் கேட்டார்கள். என் கதை உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள், தெரியாது, எனக்குத் தோன்றுகிற நாளில் சொல்வேன், அது இன்றைக்கு இல்லை என்று நாகரிகமாகக் கதவைச் சாத்தினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்தப் பதிலால்தான். கெட்டதெல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. அவர் பட்டது, அவர் சொல்லலாம். நாம் சொல்ல முடியாது. அப்பா விஷயத்தை நானும் மேலே எழுதத்தான் செய்தேன். எழுதாமல் நகர முடியவில்லை. அந்த அளவில் நானும் அந்தச் செய்தியாளர்கள் வரிசையில்தான் இருக்கிறேன்.

2024 விம்பிள்டனில் டோனா வேகிச் அரையிறுதிக்கு வந்தபோதுதான் மிர்யானாவின் பெயரைக் கடைசியாகப் பெரிய அளவில் கேட்டேன். 1999-க்குப் பிறகு அங்கே அரையிறுதி ஆடிய முதல் குரோஷியப் பெண் என்பதற்காக. வேகிச் மூன்றாம் செட் டை-பிரேக் வரை இழுத்துப் பவுலினியிடம் தோற்றார். அதுவும் ஓர் அற்புதமான ஆட்டம். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஓர் உதவி. 1998 கலப்பு இரட்டையர் இறுதியின் முழு வீடியோ யாரிடமாவது இருந்தால் அனுப்பி வையுங்கள். துண்டு துண்டாகக்கூட எனக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. பூபதி வலையருகே நிற்க, பின்னால் அந்தப் பெண் எப்படி அடித்தார் என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.