வண்ணாரப்பேட்டையில் வீணையா?

மகள் வீணை கற்றுக்கொள்கிறாள் என்றதும் தெரிந்தவர் ஒருவர் கேட்டார்: "வண்ணாரப்பேட்டையில வீணையா? பேசாம மைலாப்பூர் பக்கம் குடி போயிடுங்களேன்." சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

வீணை மேதை தனம்மாள் 1867இல் பிறந்தது நம்ம வடசென்னை ஜார்ஜ் டவுனில். பாட்டி காமாட்சி தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரர். அம்மா சுந்தரம்மாள், கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாட்டு கற்றவர். இதைவிட என்ன வம்சாவளி வேண்டும்?

போன வாரம் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருவுக்குப் போனேன். "ஓரம் ஓரம்" என்று கத்திக்கொண்டே அட்டைக்கட்டு ஏற்றிய மீன்பாடி வண்டி என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. இந்தப் பேட்டையில்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனம்மாள் வீட்டில் கூடுவார்கள். மைக் கிடையாது. கம்பியைத் தட்ட விரலில் போடும் மீட்டி மாட்டாத வெறும் விரல், கூடவே மெல்லிய குரலில் பாட்டு. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். (இப்போதைய சபாக்களில் கேன்டீன் பக்கம் நழுவுகிறவர்களை அங்கே உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.)

அவரை மேதை என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. வாத்தியார் என்று யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். வகுப்பு வீட்டுக்குள் நடந்தது, சான்றிதழ் இல்லை, அதனால் கணக்கில் வரவில்லை. ஆனால் தெலுங்குக் கவிஞர் க்ஷேத்ரக்ஞரின் பதங்கள், அதாவது காதல் பாட்டுகள், அந்த வீட்டில் வாய்வழியாகத்தான் தங்கின. மகள்கள் பாடினார்கள். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி அதே பதங்களுக்கு அபிநயம் பிடித்தார். பேரன் விஸ்வநாதன் புல்லாங்குழலோடு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை போய்ச் சொல்லிக்கொடுத்தார். 1938இல் தனம்மாள் காலமானார். 1947இல், அவர் பிறந்த தேவதாசி மரபை ஒழிக்கும் சட்டம் வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் பதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் காத்த பெண்களை வாசலிலேயே நிறுத்திவைத்த மரியாதைக்காரர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கானா எங்கள் சொத்து, அதில் சந்தேகமே இல்லை. வீணையும்தான்.

மகள் இப்போது ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசையில் இருக்கிறாள். கீழ்வீட்டில் சாயங்காலம் ஆனால் கானா அலறும். அவள் சுருதி சேர்க்கும் அஞ்சு நிமிஷம் மட்டும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். குறைக்கிறார்கள்.