எரிக் சொல்ஹெய்ம் ஐ.நா. தூதராக வரவில்லை

யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "எரிக் சொல்ஹெய்மை அனுப்பியது ஐ.நா.; 2002 போர்நிறுத்தம் ஐ.நா. ஒப்பந்தம், இன்றும் செல்லும்." இரண்டும் பிழை.

இலங்கைச் சமாதான முயற்சிக்கு அவர் வந்தது நோர்வேயின் விசேட தூதராக. போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டவர்கள் அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும். உடன்படிக்கையின் 3ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்; போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுகூட நோர்டிக் (வட ஐரோப்பிய) நாட்டவர்களைக் கொண்டதுதான். 2008 ஜனவரியில் இலங்கை அரசாங்கம் விலகியதோடு அந்த உடன்படிக்கை முடிந்தது. சொல்ஹெய்ம் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துக்குத் தலைவரானது 2016இல். குழப்பம் இதனால் வந்திருக்கலாம். சமாதான முயற்சி ஏன் தோற்றது என்று நோர்வே செய்வித்த மதிப்பீட்டறிக்கை 2011இல் வெளியானது, இணையத்திலும் இருக்கிறது.

காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இப்படியான செய்திகளை நம்பி ஏங்குகிறார்கள். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.