6,000 அடி விழுந்ததா அந்த விமானம்?

"சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஒரே நொடியில் 6,000 அடி விழுந்தது, பெல்ட் போட்டும் பயனில்லை" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

2024 மே 21, லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற எஸ்கியூ 321, மியான்மர் வான்வெளியில் கடுமையாகக் குலுங்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தனர். இதுவரை உண்மைதான். ஆனால் சிங்கப்பூர் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவின் முதற்கட்ட அறிக்கைப்படி, விமானம் இறங்கியது 178 அடி, 4.6 விநாடிகளில். அந்த 6,000 அடி இறக்கம் வேறு: சுமார் கால் மணி நேரம் கழித்து, பாங்காக்கில் தரையிறங்கத் திருப்பிய பிறகு, விமானிகளே நிதானமாகச் செய்தது.

பெல்ட் விஷயத்தில் இந்த ஃபார்வர்டு ஆபத்தானது. பெல்ட் போடாதவர்களே அந்தச் சில விநாடிகளில் இருக்கையிலிருந்து மேலே தூக்கியெறியப்பட்டு, பிறகு கீழே விழுந்தார்கள் என்கிறது அதே அறிக்கை. பெல்ட் விளக்கு எரிந்ததற்கும் அந்த வீழ்ச்சிக்கும் இடையே ஏறக்குறைய 8 விநாடிதான். தூங்குபவர் விழித்து, போர்வைக்குள் கொக்கியைத் தேடவே அது போதாது! விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை போட்டிருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அறிக்கை சிங்கப்பூர் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அந்த ஃபார்வர்டை மேலும் அனுப்ப வேண்டாம், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.