சூரியக் கடவுளுக்கு ராத்திரி வேலை

‘ராவா, ஆமுனா, ஆத்தெனா? எகிப்தில் யார் பெரிய சாமி?’ என்ற சண்டை மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது (ரா சூரியக் கடவுள், ஆமுன் தீப்ஸ் நகரத்துக் கடவுள், ஆத்தென் சூரிய வட்டு). கூடவே எகிப்தியக் கடவுள்களின் வம்சாவளிப் படமும். உச்சியில் ரா, கீழே பிள்ளைகுட்டிகள், ஆளுக்கொரு இலாகா. மந்திரிசபைப் பட்டியல் தோற்றது போங்கள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எகிப்தியப் பிரதி ஒன்றைக்கூட ஒழுங்காகப் படிக்க முடியாது என்பது என் கட்சி. ராவைப் பதவியை வைத்துப் பார்த்தால் பிடிபடாது, பயணத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதில் சரிபாதி இருட்டுக்குள் நடக்கிறது.

முதலில் பெயர். ‘ரா’ என்பது நம் வசதிக்கு வைத்துக்கொண்ட உச்சரிப்பு. எகிப்திய எழுத்தில் உயிரொலி எழுதுவதில்லை. இருப்பதெல்லாம் ‘ர்’ என்ற மெய்யும், அரபு ‘அய்ன்’ போன்ற தொண்டையொலியும்தான். எகிப்தின் அமர்னாவில் கிடைத்த ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளில், மன்னர் மூன்றாம் ஆமென்ஹோதெப்பின் அரியணைப் பெயரான நெப்மாத்ரே (கடைசி ‘ரே’தான் நம் ரா), ‘நிம்முரியா’ என்று வருகிறது. அன்றைய வாயில் ‘ரீஅ’ மாதிரி ஒலித்திருக்க வேண்டும். எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக்கில் அது ‘ரே’ ஆகிவிட்டது. ‘ரா’வும் நம் ‘ரவி’யும் ஒரே சொல் என்று முடிச்சுப் போடுகிறவர்கள் அந்தத் தொண்டையொலியை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று சொன்னால் நல்லது. தமிழில் ‘ரா’ என்றால் இரவு. அதுவும் தற்செயல்தான், ஆனால் இவருக்குப் பொருந்துகிறது.

‘காலையில் கெப்ரி, உச்சியில் ரா, மாலையில் அத்தூம்’ என்ற வரியை எல்லோரும் பகிர்கிறார்கள். மூன்றும் ஒரே சூரியனின் வடிவங்கள்: கெப்ரி விடியலின் வண்டு, அத்தூம் அந்தியின் கிழவர். அது வரும் இடத்தைப் பார்த்தவர்கள் குறைவு. இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸில் (நாணல் தாள் சுருள்), கிழடுதட்டிய ராவின் வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. மந்திரத்தில் கைதேர்ந்த தேவி ஐசிஸ் அதை மண்ணோடு பிசைந்து ஒரு பாம்பு செய்து அவர் நடக்கும் வழியில் விடுகிறாள். கடி வாங்கிய ரா, விஷம் இறங்க வேண்டும் என்று தன் பெயர்களை அடுக்குகிறார். அந்தப் பட்டியலில்தான் இந்த வரி. ஐசிஸின் பதில்: நீ சொன்னதில் உன் உண்மைப் பெயர் இல்லை. ஆக, நாம் ‘ராவின் இலக்கணம்’ என்று மேற்கோள் காட்டுவது அவர் மழுப்பிச் சொன்ன பதிலை! உண்மைப் பெயரைப் பிரதி கடைசிவரை நமக்குச் சொல்வதில்லை. அடியில் இருப்பது மருந்துக் குறிப்பு: ‘தேள் பூண்டு’ என்ற செடியை பீரிலோ திராட்சை மதுவிலோ அரைத்து, கொட்டுப்பட்டவனுக்குக் குடிக்கக் கொடு.

வான்பசு நூல் என்ற இன்னொரு எகிப்தியப் பிரதியிலும் இதே கதிதான். ராவின் எலும்பு வெள்ளி, சதை பொன், முடி நீலக்கல். கேட்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் அது முதுமையின் வருணனை. மனிதர்கள் அவருக்கு எதிராகச் சதி செய்கிறார்கள். தன் கண்ணை ஹத்தோர் என்ற தேவியின் வடிவில் அனுப்புகிறார், அவள் கொன்று தீர்க்கிறாள், திரும்பக் கூப்பிட்டால் நிற்பாளோ என்னவோ. தெற்கே உள்ள எலிஃபன்டைன் தீவிலிருந்து செந்நிறக் கனிமம் தருவித்து, அரைத்து, வாற்கோதுமை பீரில் கலந்து, 7000 ஜாடிகளை வயலில் ஊற்றுகிறார்கள். மூன்று கையகல ஆழம், நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு சாண். இரத்தமென்று நினைத்துக் குடித்து மயங்குகிறாள். ரா அலுத்துப்போய்ப் பசுவாக மாறிய வானதேவி நுத்தின் முதுகில் ஏறி வானத்துக்குப் போய்விடுகிறார். உச்சக் கடவுள் என்றால் சர்வவல்லவர் என்று நாமாக எடுத்துக்கொண்டால் இந்தக் கதை புரியாது.

இப்போது இரவு. மறைந்த சூரியன், அதாவது ரா, விடியும்வரை படகில் பாதாளத்தைக் கடக்கிறார். அம்துவாத் என்ற பாதாள நூல் இரவைப் பன்னிரண்டு மணியாகப் பிரிக்கிறது. மன்னர் பள்ளத்தாக்கின் 34ஆம் எண் கல்லறையில், மன்னர் மூன்றாம் துட்மோஸின் அடக்க அறைச் சுவரில் முழுவதும் இருக்கிறது. விரித்த பாப்பிரஸ் சுருள் போன்ற மங்கிய மஞ்சள் பின்னணி, குச்சி மனிதர்கள். முன்னறையில் தனியாக 741 தெய்வங்களின் பட்டியல். நாலாம் மணியில் தண்ணீர் தீர்ந்து மணல் வருகிறது. படகு பாம்பாக மாற, கயிறு கட்டி இழுக்கிறார்கள். ஆறாம் மணி, இரவின் ஆழம்: ராவின் ஆன்மா தன் உடலோடு, அதாவது இறந்தோரின் கடவுளான ஓசிரிஸோடு, சேர்கிறது. ஏழாம் மணியில் ராவின் பரம எதிரியான அபோபிஸ் என்ற பாம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு 440 முழ மணல்திட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது (கூஃபுவின் பெரிய பிரமிடின் ஒரு பக்கமும் 440 முழம்தான்). ஐசிஸின் மந்திரத்தால் படகு நகர்கிறது, பாம்பைக் கயிற்றால் கட்டிக் கத்தியால் வெட்டுகிறார்கள். பன்னிரண்டாம் மணியில் இன்னொரு பாம்பின் வால் வழியே கிழவராக நுழைந்து வாய் வழியே கெப்ரியாக வெளியே வருகிறார்.

இந்தப் பயணத்துக்கு பூமியிலும் ஆட்கள் உழைத்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள பிரெம்னர்-ரிண்ட் பாப்பிரஸ் (கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசி), கர்னாக்கில் ஆமுன்-ரா கோயிலில் தினமும் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. மெழுகில் அபோபிஸ் செய். அதன் மேல் பெயரைப் பச்சை நிறத்தில் எழுது. புது பாப்பிரஸிலும் பச்சையால் வரை. நான்கு முறை துப்பு, இடது காலால் மிதி, ஈட்டியால் குத்து, கட்டு, கத்தியால் வெட்டு, தீயிலிடு. பெயர் எழுதாவிட்டால் அது வெறும் மெழுகுப் பாம்பு, எரித்தும் பயனில்லை. மெழுகு ஏன் என்றால், உருகினால் உருவம் மிஞ்சாது என்பதாலாக இருக்கலாம். அப்படியும் பாம்பு சாவதில்லை. மறுநாள் மறுபடி மெழுகு.

அருங்காட்சியகத்தில் படம் பார்த்துக் குழம்புவதும் இந்த இரவை விட்டுவிடுவதால்தான். பருந்துத் தலையில் பாம்பு சுற்றிய சூரியவட்டு இருந்தால் ரா-ஹொராக்தி. இரட்டைக் கிரீடம் என்றால் ஹோரஸ். வட்டோடு உயர்ந்த இரண்டு இறகு மோன்து, வட்டின் கீழ் பிறை இருந்தால் கோன்சு. ஆட்டுத்தலையோடு படகுக்கூண்டில் நிற்பவரைப் பலரும் ‘க்னூம்’ (ஆட்டுத்தலைக் கடவுள்) என்று எழுதிப் போடுகிறார்கள். கல்லறைச் சுவரில் அவர் பெரும்பாலும் இரவு நேர ரா. அரசி நெஃபெர்தாரி கல்லறையில் ஆட்டுத்தலை மம்மியை ஐசிஸும் அவள் தங்கை நெப்திஸும் இருபுறமும் தாங்குகிறார்கள். பக்கத்து எழுத்து: ‘ஓசிரிஸில் இளைப்பாறுபவர் ரா’, ‘ராவில் இளைப்பாறுபவர் ஓசிரிஸ்’. வம்சாவளிப் படத்தில் இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

ஆமுன்-ரா, க்னூம்-ரா, சோபெக்-ரா எல்லாம் இப்படித்தான். இருவர் ஒரு பெயருக்குள் தங்குகிறார்கள், ஒருவர் மற்றவரை விழுங்குவதில்லை.

ஆத்தெனை மட்டுமே கும்பிட்ட மன்னர் அகெனாதென் ராவை ஒழித்தார் என்கிறார்கள். இல்லை. ஆத்தெனின் முதல் முழுப்பெயரே ‘ரா-ஹொராக்தி’ என்றுதான் தொடங்குகிறது. அவர் வெட்டியெறிந்தது இரவை. ஆத்தென் துதியில் சூரியன் மறைந்தால் உலகம் செத்ததுபோல் கிடக்கிறது, சிங்கம் வெளியே வருகிறது, பாம்பு கடிக்கிறது. படகு இல்லை, ஓசிரிஸ் இல்லை, இருட்டில் போராட ஆளும் இல்லை. செத்தவனுக்கு அதில் என்ன வழி இருக்கிறது? அந்த மதம் மக்களிடம் ஒட்டாததற்கு ஆமுன் பூசாரிகளைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

பின்னால் வந்த மன்னர் துட்டன்காதென், பெயரை மாற்றித் துட்டன்காமுன் ஆனார், ஆத்தென் போய் ஆமுன் வந்தார். ஆனால் நெப்கெபெரூரே என்ற அரியணைப் பெயரின் கடைசி ‘ரே’ அப்படியே இருந்தது. அகெனாதெனுக்கும் அது நெஃபெர்கெபெரூரேதான். துட்டன்காமுனின் அடக்க அறை மேற்குச் சுவரில், அம்துவாத்தின் முதல் மணியிலிருந்து எடுத்த பன்னிரண்டு குரங்குகள் கட்டங்கட்டமாக உட்கார்ந்திருக்கின்றன, மேலே கெப்ரியின் படகு.