சொவெட்டோ வயலின் பள்ளியைக் கட்டியது பிரிட்டிஷ் அரசா?

“1992ல் பிரிட்டிஷ் அரசு சொவெட்டோவில் வயலின் பள்ளி கட்டி, ரோஸ்மேரி நால்டனைத் தலைமை ஆசிரியராக அனுப்பியது.” டர்பன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஃபார்வேர்டு இது. சொவெட்டோ, தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய பகுதி. பிள்ளைகளை வயலின் வகுப்புக்கு அனுப்பும் வீடுகளில் இது வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. ஆனால் தவறு.

நால்டன் அரசு அதிகாரி அல்ல, இங்கிலாந்தில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்துக்கொண்டிருந்த கலைஞர். சொவெட்டோவின் டீப்க்லூஃப் பகுதியில் தந்தி வாத்தியம் கற்கும் பிள்ளைகள் பணமில்லாமல் திண்டாடுவதை பிபிசி வானொலியில் கேட்டார். அவர்களுக்காகப் பணம் சேர்க்க சக கலைஞர்களைத் திரட்டினார். சுமார் 120 பேர் பிரிட்டனின் 16 ரயில் நிலையங்களில் ஒரே நேரத்தில் நின்று வாசித்தார்கள். போகிற வருகிற பயணிகள் போட்ட காசு ஏறக்குறைய 6,000 பவுண்ட். 1992ல் நடந்தது இதுதான்.

ஃபார்வேர்டு சொல்லும் அந்த வயலின் பள்ளியின் பெயர் பஸ்கெய்ட்; அதை நால்டன் தொடங்கியது 1997ல். சொந்தக் கட்டடம் அதற்கும் பிறகு. அப்புறம், கட்டடத்தைவிட, பழைய மாணவர்களையே பயிற்றுவித்து ஆசிரியர்களாக்கியதுதான் அவருடைய பெரிய வேலை என்பேன். ஃபார்வேர்டு எழுதியவருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

2007ல் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் லண்டன் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி ப்ராம்ஸ் இசை விழாவில் வாசித்தார்கள் என்று ஃபார்வேர்டில் வரும் வரி மட்டும் சரி.